ஐம்பெரும் கடமைகள் (இஸ்லாம்)

ஐம்பெரும் கடமைகள் அல்லது இஸ்லாத்தின் ஐந்து தூண்கள் (அரபு: அர்கானுல் இஸ்லாம்) என்பன இஸ்லாமிய சமயத்தைப் பின்பற்றுவோர் நிறைவேற்ற வேண்டிய அடிப்படைச் சமயக் கடமைகள் ஆகும். கலிமா எனப்படும் நம்பிக்கை உறுதிமொழி, நாள்தோறும் ஐந்து வேளைத் தொழுகை, ஸகாத் (ஜகாத்) எனப்படும் கட்டாயக் கொடை, ரமழான் மாத நோன்பு, மக்காவுக்கு மேற்கொள்ளும் ஹஜ் பயணம் ஆகியன இவ்வைந்துமாகும்.

இக்கடமைகள் எல்லோருக்கும் எல்லா நிலையிலும் ஒரே அளவில் விதிக்கப்படுவதில்லை. வயது, உடல்நலம், பயணம், செல்வநிலை ஆகியவற்றைப் பொறுத்துக் கடமை குறைவதும், தள்ளிப்போவதும், முற்றாக நீங்குவதும் உண்டு. எனவே இஸ்லாமியச் சட்டவியல் (ஃபிக்ஹு) நூல்கள், ஒவ்வொரு கடமையையும் எவ்வாறு செய்வது என்பதோடு, அது யார் மீது கடமை, யார் மீது கடமையன்று என்பதையும் விரிவாக ஆராய்கின்றன.

அடிப்படை

ஐந்து கடமைகளும் திருக்குர்ஆனில் பல இடங்களில் பேசப்பட்டாலும், அவை ஓரிடத்தில் ஐந்தாகத் தொகுத்துக் கூறப்படவில்லை. இத்தொகுப்பு ஹதீஸ்களிலேயே காணப்படுகின்றது. இஸ்லாத்தை ஐந்தின் மீது எழுப்பப்பட்ட கட்டடத்துக்கு ஒப்பிடும் நபிமொழி, அப்துல்லாஹ் இப்னு உமர் அறிவித்ததாக புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இடம்பெற்றுள்ளது. 'ஜிப்ரீல் ஹதீஸ்' எனப்படும் மற்றொரு நபிமொழியில், வெண்ணிற ஆடை அணிந்து வந்த அந்நியர் ஒருவரின் வினாக்களுக்கு விடையாக, செயல் சார்ந்த கடமைகளும் (இஸ்லாம்) உள்ளம் சார்ந்த நம்பிக்கைகளும் (ஈமான்) தனித்தனியே விளக்கப்படுகின்றன.

சட்டவியலாளர்கள் வணக்கச் செயல்களைக் கட்டாயமானவை (ஃபர்ளு), நபியவர்களின் வழிமுறையாகப் பரிந்துரைக்கப்பட்டவை (சுன்னத்), விரும்பிக் கூடுதலாகச் செய்பவை (நஃபில்) எனப் பிரிப்பர். ஹனஃபி சட்டப்பள்ளி ஃபர்ளுக்கு அடுத்ததாக வாஜிப் என்னும் தனி வகையையும் கொள்கின்றது. ஒவ்வொருவரும் தாமே செய்தாக வேண்டியது 'ஃபர்ளு ஐன்' எனவும், சமூகத்தில் சிலர் செய்தால் மற்றவர் பொறுப்பும் நீங்கிவிடுவது 'ஃபர்ளு கிஃபாயா' எனவும் அழைக்கப்படும். ஐம்பெரும் கடமைகள் முதல் வகையையும், இறந்தவருக்கான ஜனாஸாத் தொழுகை இரண்டாம் வகையையும் சேர்ந்தவை.

பொதுவாக, பருவமடைந்த, மனநலமுள்ள முஸ்லிம்கள் மீதே கடமைகள் விதிக்கப்படுகின்றன. சிறுவர், மனநலம் குன்றியோர், உறக்கத்தில் இருப்போர் ஆகியோர் அந்நிலை நீங்கும் வரை பொறுப்பிலிருந்து விலக்கப்பட்டுள்ளனர். சிறுவரின் சொத்து இதில் கருத்து வேறுபாட்டுக்கு உரியதாகும். அதற்குக் காப்பாளர் ஸகாத் செலுத்த வேண்டும் என ஷாஃபிஈ சட்டப்பள்ளியும், விளைபொருள் தவிர்ந்த பிறவற்றுக்குத் தேவையில்லை என ஹனஃபி சட்டப்பள்ளியும் கூறுகின்றன.

கலிமா

கலிமா அல்லது ஷஹாதா என்பது சான்று பகர்தல் ஆகும். வணக்கத்துக்குரியவன் அல்லாஹ்வையன்றி வேறில்லை என்பதும், முகம்மது அவனுடைய தூதர் என்பதும் இதன் இரு பகுதிகள். இதனை மனமறிந்து மொழிவதே ஒருவர் இஸ்லாத்தை ஏற்பதற்கு வாயிலாகக் கருதப்படுகின்றது. பாங்கு எனப்படும் தொழுகை அழைப்பிலும், தொழுகையின் இருப்பிலும் இச்சான்று இடம்பெறுகின்றது. இறக்கும் நிலையில் உள்ளவருக்கு அருகிலிருப்போர் இதனைச் சொல்லிக் கொடுப்பது வழக்கம்.

ஏனைய கடமைகளைப் போல இதற்கும் இயலாமைக்கான இடம் உண்டு. பேச இயலாதவரின் சைகை ஏற்கப்படும். உள்ளத்தில் நம்பிக்கை உறுதியாக இருக்கையில், வன்கொடுமைக்கு அஞ்சி வாயளவில் மறுத்தவர் குற்றவாளியாகார் என்பதற்குக் குர்ஆனின் 16:106ஆம் வசனத்தைச் சான்றாகக் காட்டுவர்.

தொழுகை

தொழுகை (அரபு: ஸலாத்) நாள்தோறும் ஐந்து வேளைகளில் நிறைவேற்றப்படும் வழிபாடாகும். நிற்றல், குனிதல், நெற்றியை நிலத்தில் வைத்தல் ஆகிய செயல்கள் அடங்கிய ஒரு சுற்று ரக்அத் எனப்படும். ஐவேளைக் கட்டாயத் தொழுகைகளில் மொத்தம் 17 ரக்அத்துகள் உள்ளன.

சுபுஹு (ஃபஜ்ர்): வைகறை வெளிச்சம் பரவத் தொடங்கியது முதல் கதிரவன் எழும் வரை, 2 ரக்அத்துகள்.
லுஹர்: கதிரவன் உச்சி சாய்ந்தது முதல் அஸர் நேரம் தொடங்கும் வரை, 4 ரக்அத்துகள்.
அஸர்: பிற்பகல் முதல் கதிரவன் மறையும் வரை, 4 ரக்அத்துகள்.
மஃரிப்: கதிரவன் மறைந்தது முதல் அந்தி வெளிச்சம் நீங்கும் வரை, 3 ரக்அத்துகள்.
இஷா: அந்தி வெளிச்சம் நீங்கியது முதல் வைகறை வரை, 4 ரக்அத்துகள்.

அஸர் நேரத்தின் தொடக்கம் நிழலைக் கொண்டு கணிக்கப்படுகின்றது. நண்பகலில் விழும் நிழலின் நீளத்தைக் கழித்தபின், ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்துக்குச் சமமாகும்போது அஸர் தொடங்கும் என்பது ஷாஃபிஈ உள்ளிட்ட பெரும்பான்மைச் சட்டப்பள்ளிகளின் கருத்து. இரு மடங்காகும்போது தொடங்கும் என்பது ஹனஃபி கருத்து. வெள்ளிக்கிழமை நண்பகலில் லுஹருக்குப் பதிலாக, சொற்பொழிவுடன் (குத்பா) கூடிய 2 ரக்அத் ஜும்ஆத் தொழுகை கூட்டாக நடத்தப்படும்.

தூய்மையும் திசையும்

தொழுகைக்கு முன் முகத்தையும், முழங்கை வரை கைகளையும், கணுக்கால் வரை பாதங்களையும் கழுவி, தலையை ஈரக்கையால் தடவுதல் உளூ (ஒளு) எனப்படும். தண்ணீர் கிடைக்காதபோதும், தண்ணீர் பட்டால் நோய் மிகும் என்னும்போதும் தூய மண்ணில் கைகளை வைத்து முகத்தையும் கைகளையும் தடவிக்கொண்டால் போதும். இது தயம்மும் எனப்படும்.

தொழுபவர் மக்காவிலுள்ள கஅபாவை நோக்குவார். இத்திசை கிப்லா எனப்படும். தொடக்கத்தில் எருசலேமை நோக்கித் தொழுதுவந்த முஸ்லிம்கள், கி.பி. 624இல் மதீனாவில் கஅபாவை நோக்கித் திரும்பினர். தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கிப்லா, மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்த திசையில் அமைகின்றது.

தொழும் முறை

உள்ளத்தில் எண்ணம் (நிய்யத்) கொண்டு, இறைவனின் பெருமையைக் கூறும் தக்பீருடன் தொழுகை தொடங்கும். நின்ற நிலையில் குர்ஆனின் முதல் அத்தியாயமாகிய அல்ஃபாத்திஹா ஓதப்படும். பின்னர் குனிதல் (ருகூஉ), நிமிர்தல், இருமுறை நெற்றி நிலத்தில் பட வணங்குதல் (ஸுஜூது) ஆகியன நிகழும். இறுதி இருப்புக்குப் பின் வலமும் இடமும் முகம் திருப்பி ஸலாம் கூறுவதுடன் தொழுகை முடிவடையும்.

சலுகைகள்

நிற்க இயலாதவர் அமர்ந்தும், அமர இயலாதவர் படுத்தும், அசைய இயலாதவர் தலை அல்லது கண் சைகையாலும் தொழலாம். நினைவு உள்ளவரை தொழுகை கைவிடப்படுவதில்லை. அதன் வடிவமே எளிதாக்கப்படுகின்றது. பயணத்தில் இருப்பவர் நான்கு ரக்அத் தொழுகைகளை இரண்டாகச் சுருக்கலாம். சுபுஹும் மஃரிபும் சுருக்கப்படுவதில்லை. ஷாஃபிஈ சட்டப்பள்ளி பயணிக்கு இரு வேளைத் தொழுகைகளைச் சேர்த்துத் தொழவும் இடமளிக்கின்றது. ஹனஃபி சட்டப்பள்ளி ஹஜ்ஜின்போது அரஃபாவிலும் முஸ்தலிஃபாவிலும் மட்டுமே இதனை ஏற்கின்றது. மறதியாலோ உறக்கத்தாலோ தொழுகையைத் தவறவிட்டவர் நினைவு வந்ததும் அதை நிறைவேற்ற வேண்டும். மாதவிடாய்க் காலத்திலும் மகப்பேற்றுக்குப் பின்னான உதிரப்போக்குக் காலத்திலும் பெண்கள் தொழுவதில்லை; அத்தொழுகைகளைப் பின்னர் ஈடுசெய்ய வேண்டியதுமில்லை.

புதிய சூழல்களுக்கும் இதே அணுகுமுறை கையாளப்பட்டுள்ளது. 2007 அக்டோபரில், ரமழான் மாதத்தில், மலேசியாவைச் சேர்ந்த சேக் முஸ்ஸபர் சுக்கோர் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குச் சென்றபோது, விண்வெளியில் வழிபாடு செய்வது குறித்த வழிகாட்டியை மலேசியாவின் தேசிய ஃபத்வா மன்றம் வெளியிட்டது. இயன்றால் கஅபாவையும், இயலாவிடில் பூமியையும், அதுவும் இயலாவிடில் எத்திசையையும் நோக்கலாம் என அது கூறியது. 2020இல் கோவிட்-19 பெருந்தொற்று பரவியபோது குவைத்தில் பாங்கின் ஒரு பகுதியாக, வீடுகளிலேயே தொழுமாறு கூறும் சொற்கள் ஒலிக்கப்பட்டன. கடுமழை இரவுகளில் நபியவர்கள் காலத்தில் அவ்வாறு அறிவிக்கப்பட்டதாக வரும் ஹதீஸே இதற்கு முன்மாதிரியாகும்.

ஸகாத்

ஸகாத் என்ற அரபுச் சொல்லுக்குத் தூய்மை, வளர்ச்சி என்று பொருள். விரும்பிக் கொடுக்கும் தருமத்திலிருந்து (ஸதகா) இது வேறுபட்டது. செல்வத்தில் வறியவருக்கு உரிய பங்கு என்பதே ஸகாத்தைப் பற்றிய இஸ்லாமியப் பார்வை. முகம்மது நபியின் மறைவுக்குப் பின், கி.பி. 632-633 காலப்பகுதியில், ஸகாத் தர மறுத்த குலங்களுக்கு எதிராக முதல் கலீஃபா அபூபக்கர் போரிட்டார்.

குறிப்பிட்ட அளவுக்கு மேல் செல்வம் உள்ளவர் மீதே ஸகாத் கடமையாகும். இவ்வரம்பு நிஸாப் எனப்படும். பொன்னுக்கு 20 மிஸ்கால், அதாவது ஏறத்தாழ 85 கிராம் (சுமார் பத்தரைப் பவுன்). வெள்ளிக்கு 200 திர்ஹம், அதாவது ஏறத்தாழ 595 கிராம். தெற்காசிய ஹனஃபி அறிஞர்கள் இவற்றை முறையே 87.48 கிராம், 612.36 கிராம் எனக் கணக்கிடுவர். இவ்வளவு செல்வம் ஒரு சந்திர ஆண்டு முழுவதும் கைவசம் இருப்பின் அதில் நாற்பதில் ஒரு பங்கு (2.5 விழுக்காடு) கொடுக்கப்பட வேண்டும். எடுத்துக்காட்டாக, 10,00,000 ரூபாய் சேமிப்புக்கு ஸகாத் 25,000 ரூபாய் ஆகும். குடியிருக்கும் வீடு, உடை, தொழிற்கருவிகள் போன்றவை கணக்கில் சேர்வதில்லை. மழையால் விளைந்த பயிருக்குப் பத்தில் ஒரு பங்கும், உழைப்பாலோ செலவாலோ நீர் பாய்ச்சப்பட்ட பயிருக்கு இருபதில் ஒரு பங்கும் உரியது.

நபியவர்கள் காலத்தில் 20 மிஸ்கால் பொன்னும் 200 திர்ஹம் வெள்ளியும் ஏறத்தாழ ஒரே மதிப்புடையவையாக இருந்தன. இன்று பொன்னின் விலை மிக உயர்ந்துள்ளதால், பொன் வரம்பு வெள்ளி வரம்பைவிடப் பல மடங்கு உயரத்தில் உள்ளது. பணத்துக்கு வெள்ளியை அளவுகோலாகக் கொண்டால் சிறு சேமிப்புள்ளவரும் கொடுக்க வேண்டியவராவார்; பொன்னைக் கொண்டால் அவர் விலக்குப் பெறுவார். வறியவருக்கு நன்மை என்பதால் வெள்ளியை ஒரு சாராரும், சிறு சேமிப்பாளருக்குச் சுமை கூடாது என்பதால் பொன்னை மற்றொரு சாராரும் ஆதரிக்கின்றனர். பெண்கள் அணியும் பொன் நகைகளுக்கு ஸகாத் உண்டு என்பது ஹனஃபி நிலைப்பாடு; அனுமதிக்கப்பட்ட அளவில் அணியும் நகைக்கு இல்லை என்பது ஷாஃபிஈ சட்டப்பள்ளியின் பரவலான நிலைப்பாடு.

ஸகாத்தைப் பெறத் தகுதியுடையோர் எட்டு வகையினர் எனக் குர்ஆன் (9:60) வரையறுக்கின்றது: வறியோர், ஏழைகள், ஸகாத்தைத் திரட்டும் பணியாளர், உள்ளம் ஈர்க்கப்பட வேண்டியோர், விடுதலை பெற வேண்டிய அடிமைகள், கடன்பட்டோர், இறைவழியில் உள்ளோர், வழிப்போக்கர். தம் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் பொதுவாக ஸகாத் கொடுக்க இயலாது. அவர்களைப் பேணுவது தனிக் கடமை என்பதே காரணம். ரமழான் முடிவில் கொடுக்கப்படும் ஃபித்ரா எனப்படும் உணவுக்கொடை வேறானது. அது பெருநாள் தொழுகைக்கு முன், குடும்பத்திலுள்ள ஒவ்வொருவர் சார்பிலும் வழங்கப்படும்.

சில நாடுகளில் அரசே ஸகாத்தைத் திரட்டுகின்றது. மலேசியாவில் மாநில சமய மன்றங்கள் இதனைச் செய்கின்றன. பாகிஸ்தானில் 1980ஆம் ஆண்டின் ஸகாத், உஷ்ர் அவசரச் சட்டத்தின்படி வங்கிக் கணக்குகளிலிருந்து ஸகாத் பிடித்தம் செய்யத் திட்டமிடப்பட்டது. ஷியா பிரிவினர் இதனை எதிர்த்து இஸ்லாமாபாதில் பெரும் போராட்டம் நடத்தி விலக்குப் பெற்றனர்.

நோன்பு

இஸ்லாமிய ஆண்டின் ஒன்பதாம் மாதமாகிய ரமழானில், வைகறை முதல் கதிரவன் மறையும் வரை உணவு, நீர், உடலுறவு ஆகியவற்றைத் தவிர்ப்பது நோன்பு (அரபு: ஸவ்ம்) ஆகும். ஹிஜ்ரி 2ஆம் ஆண்டில் (கி.பி. 624) இது கடமையாக்கப்பட்டது. வைகறைக்கு முன் உண்பது ஸஹர் எனவும், மாலையில் நோன்பு திறப்பது இஃப்தார் எனவும் அழைக்கப்படும். இரவில் தராவீஹ் எனப்படும் கூடுதல் தொழுகைகள் நடத்தப்படும்.

சந்திர ஆண்டு சூரிய ஆண்டைவிட 10 அல்லது 11 நாட்கள் குறைவு. ஆதலால் ரமழான் ஆண்டுதோறும் முன்னோக்கி நகர்ந்து, ஏறத்தாழ 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வரும். கணிப்பின்படி 2030ஆம் ஆண்டில் சனவரியிலும் திசம்பரிலுமாக இருமுறை ரமழான் தொடங்கும். வடதுருவத்தை ஒட்டிய பகுதிகளில் கோடையில் கதிரவன் மறையாமலே இருப்பதால், அங்கு வாழ்வோர் மக்காவின் நேரத்தையோ அருகிலுள்ள வேறு நகரின் நேரத்தையோ பின்பற்றலாம் என்று அறிஞர்கள் பலர் தீர்ப்பளித்துள்ளனர்.

நோயாளிகளும் பயணிகளும் நோன்பை விட்டுவிட்டு வேறு நாட்களில் ஈடுசெய்யலாம் எனக் குர்ஆன் (2:185) கூறுகின்றது. அதே வசனம், இறைவன் மனிதருக்கு எளிமையை நாடுகிறான், கடினத்தை நாடவில்லை என்ற பொதுக் கொள்கையையும் கூறுகின்றது. கருவுற்றோர், பாலூட்டும் தாய்மார் ஆகியோருக்கும் சலுகை உண்டு. மாதவிடாயில் உள்ள பெண் நோன்பு நோற்பதில்லை. ஆனால் தொழுகையைப் போலன்றி, விடுபட்ட நோன்புகளைப் பின்னர் நோற்க வேண்டும். முதுமையாலோ தீரா நோயாலோ ஒருபோதும் நோற்க இயலாதவர், ஒரு நாளுக்கு ஓர் ஏழை வீதம் உணவளிப்பார். இது ஃபித்யா எனப்படும். மறந்து உண்டவரின் நோன்பு முறியாது என்பது பெரும்பான்மைக் கருத்து. மாறாக, நோன்புப் பகலில் வேண்டுமென்றே உடலுறவு கொண்டவர் குற்றப் பரிகாரமாகத் தொடர்ந்து 60 நாட்கள் நோற்க வேண்டும். அதற்கு இயலாதவர் 60 ஏழைகளுக்கு உணவளிக்க வேண்டும். (அடிமை முறை நிலவிய காலத்தில் ஓர் அடிமையை விடுவிப்பதே முதற் பரிகாரமாக இருந்தது.)

நீரிழிவு நோயாளிகள் மருத்துவ அறிவுரையை மீறி நோன்பு நோற்பது ஆபத்தாகலாம். உயிருக்கோ உடலுக்கோ கேடு உண்டாகும் எனத் தகுதியுள்ள மருத்துவர் கூறினால் நோன்பை விடுவதே உரிய செயல் என அறிஞர்கள் கூறுகின்றனர்.

ஹஜ்

ஹஜ் என்பது துல்ஹஜ் மாதத்தில் மக்காவிலும் அதன் சுற்றுப்புறத்திலும் நிறைவேற்றப்படும் புனிதப் பயணம் ஆகும். பயணத்துக்கு உடலாலும் பொருளாலும் இயன்றவர் வாழ்நாளில் ஒருமுறை செய்வது கடமை. பயணி இஹ்ராம் என்னும் நிலையை ஏற்பார். அந்நிலையில் ஆண்கள் தைக்கப்படாத இரு வெண்துணிகளை அணிவர்.

துல்ஹஜ் 8ஆம் நாள் பயணிகள் மினாவில் தங்குவர். 9ஆம் நாள் நண்பகலுக்குப் பின் அரஃபாவில் தங்கி இறைஞ்சுவர். இதுவே ஹஜ்ஜின் உச்சக்கட்டம், இதனைத் தவறவிட்டால் ஹஜ் நிறைவேறாது. அன்றிரவு முஸ்தலிஃபாவில் தங்கிக் கற்களைத் திரட்டுவர். 10ஆம் நாள் மினாவில் கல்லெறிதல், பலியிடல், முடி களைதல் ஆகியன நிகழும். பின்னர் கஅபாவை ஏழுமுறை வலம்வந்து (தவாஃப்), ஸஃபா, மர்வா குன்றுகளுக்கிடையே ஏழுமுறை நடப்பர் (ஸஃயு). அடுத்து வரும் நாட்களிலும் கல்லெறிதல் தொடரும்.

பயணச் செலவு, திரும்பும் வரை குடும்பத்தின் செலவு, பாதையின் பாதுகாப்பு ஆகிய எல்லாம் 'இயலுதல்' என்பதில் அடங்கும். செல்வமிருந்தும் உடல் இடந்தராதவர் சார்பில், முன்னரே ஹஜ் செய்த ஒருவர் செல்லலாம். இது பதல் ஹஜ் எனப்படும். பெண்கள் செல்வதற்கு நெருங்கிய ஆண் உறவினர் துணை வேண்டும் என ஹனஃபி சட்டப்பள்ளி கூறும். கடமையான ஹஜ்ஜுக்கு நம்பிக்கைக்குரிய பெண்கள் குழுவுடன் செல்லலாம் என ஷாஃபிஈ சட்டப்பள்ளி கூறும். 2018 முதல் இந்தியாவில் 45 வயதைக் கடந்த பெண்கள் ஆண் துணையின்றிக் குழுவாகச் செல்ல அனுமதிக்கப்பட்டனர்.

பெருங்கூட்டம் உயிரிழப்புகளுக்கும் காரணமாகியுள்ளது. 1990இல் மினா சுரங்கப்பாதை நெரிசலில் 1,426 பேர் இறந்தனர். 2015இல் மினாவில் ஏற்பட்ட நெரிசலில் 769 பேர் இறந்ததாகச் சவூதி அரசு அறிவித்தது; பல்வேறு நாடுகள் வெளியிட்ட எண்ணிக்கைகளின் கூட்டுத்தொகை 2,400க்கும் மேற்பட்டது. 2024இல் வெப்பம் 50 பாகை செல்சியசைக் கடந்தபோது 1,301 பேர் இறந்ததாகவும், அவர்களுள் 83 விழுக்காட்டினர் முறையான அனுமதியின்றி வந்தவர்கள் எனவும் சவூதி அரசு தெரிவித்தது. அனுமதி பெறாதோருக்குக் குளிரூட்டப்பட்ட கூடாரங்களும் பேருந்துகளும் கிடைப்பதில்லை. அனுமதிக்கும் கட்டணத்துக்கும் வழியற்றவர் மீது இப்பயணம் கடமையே அன்று என்பதை அறிஞர்கள் இத்தருணங்களில் நினைவூட்டுகின்றனர். 2020இல் பெருந்தொற்றின் காரணமாகச் சவூதி அரேபியாவில் வசித்தோருள் மிகச் சிலரே ஹஜ் செய்ய அனுமதிக்கப்பட்டனர்.

ஷியா பிரிவில் கடமைகள்

மேற்கண்ட ஐந்தின் தொகுப்பு சன்னி முஸ்லிம்களுக்கு உரியது. ஷியாக்களுள் பெரும்பான்மையினரான பன்னிரு இமாம் பிரிவினர் பத்துக் கடமைகளைக் கொள்வர். தொழுகை, நோன்பு, ஸகாத், ஹஜ் ஆகியவற்றுடன் ஐந்தில் ஒரு பங்கு கொடையாகிய குமுஸ், ஜிஹாத், நன்மையை ஏவுதல், தீமையைத் தடுத்தல், நபி குடும்பத்தாரை நேசித்தல், அவர்தம் பகைவரிடமிருந்து விலகல் ஆகியன அதில் அடங்கும். இவர்கள் லுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழுவது வழக்கம்.

தமிழ் முஸ்லிம்களிடையே

தமிழ் முஸ்லிம்கள் ஸலாத், ஸவ்ம் என்னும் அரபுச் சொற்களுக்குத் தொழுகை, நோன்பு என்னும் தமிழ்ச் சொற்களையே வழங்குகின்றனர். மசூதி பள்ளிவாசல் எனப்படுகின்றது. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களிலும் இலங்கையிலும் ஷாஃபிஈ சட்டப்பள்ளியும், தமிழ்நாட்டின் உட்பகுதிகளில் ஹனஃபி சட்டப்பள்ளியும் பரவலாக உள்ளன. எனவே அஸர் பாங்கின் நேரம், நகைக்கான ஸகாத், சுபுஹுத் தொழுகையில் குனூத் ஓதுதல் போன்றவற்றில் ஊருக்கு ஊர் வேறுபாடு காணப்படும்.

ரமழானில் பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சி காய்ச்சி வழங்கப்படும். இதற்கெனத் தமிழ்நாட்டு அரசு பள்ளிவாசல்களுக்குப் பச்சரிசி வழங்கி வருகின்றது. மாதத்தின் தொடக்கத்தை உள்ளூரில் பிறை கண்டு முடிவு செய்வதா, பிற நாட்டுத் தகவலை ஏற்பதா, வானியல் கணிப்பைக் கொள்வதா என்பதில் கருத்து வேறுபாடு நிலவுவதால், ஒரே ஊரில் இரு வேறு நாட்களில் பெருநாள் கொண்டாடப்படுவதும் உண்டு. இந்தியாவிலிருந்து ஹஜ்ஜுக்குக் கப்பலில் செல்லும் முறை 1995இல் நின்றது. உச்ச நீதிமன்றத்தின் 2012ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் தொடர்ந்து குறைக்கப்பட்டு வந்த ஹஜ் பயண மானியம் 2018இல் முற்றாக நிறுத்தப்பட்டது.

இவற்றையும் பார்க்க

இஸ்லாம்
திருக்குர்ஆன்
ஹதீஸ்
ரமழான்
மக்கா
நோன்புப் பெருநாள்
ஹஜ்ஜுப் பெருநாள்